வெடியும் இடியும்: பெருவெடிப்பின்போது கட்டடங்கள் உறும் நிலை

தமிழில் 'வெடி' என்னும் சொல்லும் 'இடி' என்னும் சொல்லும் தனித்தனியே இருவேறு பொருள் பயந்து நிற்பன. வெடித்தல் என்பது பேரொலியோடு சிதறுதலையும் குறிக்கும். ஓசையின்றிப் பிளத்தலையும் குறிக்கும். வேட்டு வெடிக்கின்றது, மழை பொய்த்தவிடத்து வயலும் வெடிக்கின்றது, முற்றிய பருத்திக்காயும் வெடிக்கின்றது, குதிகாலும் வெடிக்கின்றது. இடி என்பதோ வானத்து முழக்கத்திற்குப் பெயராய் நிற்றலோடு, சுவர் சரிதலுக்கு வினையாயும் வருகின்றது. மாவிடித்தலும், தவறு கண்டவிடத்து இடித்துரைத்தலும் அதன் கிளைகளே. இலக்கணம் பயில்வார்க்கு இவை பலபொருள் ஒருசொல் என்னும் அளவில் அமைந்துவிடும். ஆயின் ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்து கட்டடம் வீழ்ந்து மக்கள் மாண்டவிடத்து, அந்நிகழ்ச்சியை இச்சொற்களால் எழுதப் புகுவார்க்கு ஓர் இடர் நேர்கின்றது. 'குண்டு வெடித்துக் கட்டடம் இடிந்தது' என்று ஒரே மூச்சிற் கூறிவிடுகின்றோம். கூறவே, வெடித்தலும் இடிதலும் ஒரே நிகழ்ச்சியின் இரு பெயர்கள் போலத் தோன்றிவிடுகின்றன. உண்மையில் அவை இருவேறு நிகழ்ச்சிகள். வேறு வேறு விசைகளால் நிகழ்வன. வேறு வேறு காலவளவு உடையன. இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் சிறு இடைவெளியிலேதான், உள்ளிருப்போர் பிழைப்பதும் மாய்வதும் பெரும்பாலும் முடிவாகின்றன. அவ்விடைவெளியை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது நூல் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் பல்லாவரத்தை அடுத்த மலையடிக் குடியிருப்பு ஒன்றிற்கு யாம் பேச்சுவழக்குச் சொற்களைத் தொகுக்கச் சென்றிருந்தோம். ஆங்கு மூதாட்டியார் ஒருவர் தம் வீட்டுச் சுவரைக் காட்டி, "மலையில வெடி வெச்சாங்க, செவுரு வெடிச்சிக்கிச்சு" என்றார். காரணமும் காரியமும் ஒரு சொல்லிலேயே அடங்கிவிட்டமை எமக்கு முதலிற் சுவையாகப் பட்டது. பின்னர் ஐயமாக வளர்ந்தது. சொல் ஒன்றாயிருத்தலாலேயே காரணமும் அதுவே என்று அவர் கொண்டனரோ? அவர் கூற்று மெய்யோ அன்றோ என்பதை இறுதியிற் காண்பாம்.

சென்னையின் தென்புறத்தே நிகழ்ந்த வெடிப்புகளுள் முதற்கண் நினைக்கத்தக்கது மீனம்பாக்கம் நிகழ்ச்சியே. 1984 ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு, இலங்கைக்குச் செல்லும் விமானத்திற்கெனக் கொணரப்பட்டுப் பின் ஏற்றப்படாது நின்ற பெட்டிகளில் இருந்த குண்டு, மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பன்னாட்டுப் பகுதியில் வெடித்தது. 33 பேர் மாண்டனர். 27 பேர் புண்பட்டனர். மாண்டோருள் இலங்கையர் பலர். கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அக்காலத்துச் செய்திகளைப் படிப்பார் கண்முன் நிற்பது வெடித்த பெட்டி அன்று. வீழ்ந்த கட்டடமும் அதன் இடிபாடுகளுமே. பெட்டியில் வைக்கத்தக்க ஒரு பொருள், மக்கள் நிறைந்த மண்டபம் ஒன்றைத் தகர்த்தது எவ்வாறு?

வெடிமருந்து வெடிக்குங்கால் திண்பொருள் நொடியின் மிகச் சிறு பங்கிற்குள் வெப்பமிக்க வளியாக மாறுகின்றது. அவ்வளி தன்னைச் சூழ்ந்த காற்றைத் தள்ளுகின்றது. தள்ளுண்ட காற்று விலகுதற்கு நேரமின்றிச் செறிந்து, ஒரு சுவர் போன்ற முகப்போடு ஒலியினும் விரைந்து பரவுகின்றது. இதனை அதிர்ச்சி அலை என்பர். அலைமுகப்பு ஓரிடத்தை எய்தியவுடன் அவ்விடத்துக் காற்றின் அழுத்தம் திடுமென உயர்கின்றது. பின் விரைந்து தணிந்து, இயல்பு நிலைக்கும் கீழே சற்று இறங்கி மீள்கின்றது. இயல்பழுத்தத்திற்கு மேற்பட்ட பகுதியை மிகையழுத்தம் என்றும், கீழிறங்கிய பகுதியை உறிஞ்சு கட்டம் என்றும் ஈண்டு வழங்குவாம். வெடிப்பு நிகழ்ந்த தெருவிற் சன்னற் கண்ணாடிகள் சில அறைக்குள்ளும் சில வெளிப்புறத்தும் கிடப்பதற்கு இவ்விரு கட்டங்களும் காரணமாகலாம்.

அழுத்தத்தை அளக்கக் கிலோபாஸ்கல் என்னும் அலகு வழங்குகின்றது. ஒரு கிலோபாஸ்கல் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 100 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்கு ஒப்பாகும். 1 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள வீட்டுக் கதவின்மீது 5 கிலோபாஸ்கல் அழுத்தம் தாக்குமாயின், அக்கதவு ஒரு டன் பொறையைக் கணநேரம் தாங்குகின்றது என்று கொள்க. இந்தியத் தரநிலையில் சென்னைக்கு விதிக்கப்பட்ட அடிப்படைக் காற்று விரைவு நொடிக்கு 50 மீட்டர். அதன் அழுத்தம் ஏறத்தாழ 1.5 கிலோபாஸ்கலே. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் தாம்பரத்துச் சாலைகளில் மரங்களை வேரோடு சாய்த்ததைக் கண்டோர்க்கு இவ்வெண் வெற்றெண்ணாகத் தோன்றாது.

தொலைவு மிகுந்தோறும் அழுத்தம் குறையும் என்பது யாவரும் அறிந்தது. எவ்வளவு குறையும் என்பதற்கு ஹாப்கின்சன், கிரான்சு என்னும் அறிஞர் இருவர் தனித்தனியே கண்ட விதியொன்று உண்டு. ஒரே அழுத்தம் தோன்றும் தொலைவு, மருந்தின் எடையைப் பொறுத்து அன்று, அவ்வெடையின் கனமூலத்தைப் பொறுத்தே வளரும் என்பது அவ்விதி. மருந்து எட்டு மடங்கானால் தொலைவு இரு மடங்காகும். டிஎன்டி என்னும் மருந்தின் எடையைக் கிலோவிற் கொண்டு, அதன் கனமூலத்தை 22.2-ஆற் பெருக்கினால் வரும் மீட்டர்த் தொலைவில் மிகையழுத்தம் ஏறத்தாழ 5 கிலோபாஸ்கலாக இருக்கும். 1000 கிலோவுக்கு அத்தொலைவு 222 மீட்டர். 1000 டன்னுக்கு 2.2 கிலோமீட்டர், அதாவது தாம்பரம் இரயில் நிலையத்திலிருந்து சானடோரியம் நிலையத்தையொட்டிய தொலைவு. 2020 ஆகஸ்டு 4-இல் பெய்ரூட்டுத் துறைமுகத்தில் 2750 டன் அம்மோனியம் நைட்ரேட்டு வெடித்தபோது, அதன் ஆற்றலை 500 முதல் 1000 டன் டிஎன்டிக்கு நிகராகப் பலர் மதிப்பிட்டனர். அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, சென்னைக்கு வடக்கே மணலியில் 2015 முதல் அதே பொருள் ஏறத்தாழ 700 டன் கிடங்கில் இருந்தமையைப் பொதுமக்கள் கருதத் தொடங்கினர். அது அவ்வாண்டே ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது.

அலை ஒரு சுவரின்மீது நேரே மோதும்போது மேலும் ஒன்று நிகழ்கின்றது. ஓடிவரும் காற்றுத் தடைப்பட்டு நிற்ப, அழுத்தம் மிகுகின்றது. மெல்லிய அலையாயின் இரு மடங்காகும். அலையின் மிகையழுத்தம் 100 கிலோபாஸ்கலாயின் சுவர் உணர்வது ஏறத்தாழ 275. அணிமையில் எழும் வன்மையான அலைகளுக்கு இப்பெருக்கம் எட்டு மடங்கையும் எட்டும். வெடிப்பு ஒரு மண்டபத்தின் உள்ளேயே நிகழுமாயின் நிலை இன்னும் கொடிது. அலை சுவருக்குச் சுவர், தளத்திற்குத் தளம் மோதி மீள்கின்றது. வெப்பமுற்ற வளியும் வெளியேற வழியின்றிச் சிறிது நேரம் அழுத்திக்கொண்டே நிற்கின்றது. திறந்த வெளியில் ஒருமுறை அறைவது, அறைக்குள் பலமுறை அறைந்து பின் நெருக்கவும் செய்கின்றது. மீனம்பாக்கத்தில் நிகழ்ந்தது உள்வெடிப்பு என்பது கருதற்பாலது.

இனிக் காலத்தைக் கருதுவாம். கட்டடவியலார் வெடிப்பைப் பிற பொறைகளினின்றும் பிரித்துக் காண்பதற்கு உயிர்நிலையான காரணம் அழுத்தத்தின் அளவு அன்று. அது நிற்கும் காலத்தின் குறுமையே. கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கூறியது தொல்காப்பியம். ஒற்றுக்கு அரை மாத்திரை. அணிமையில் நிகழ்ந்த வெடிப்பின் மிகையழுத்தம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பத்துப் பங்குக்குள் முடிந்துவிடுகின்றது. அரை மாத்திரையிலும் அது சிறு கூறு. ஓர் ஒற்றெழுத்தை ஒலித்து முடிப்பதற்குள் வந்து போய்விடுவது. நிலநடுக்கமோ பல நொடிகள் நீளும் அளபெடை. (மில்லிநொடி என்பது இனி நொடியின் ஆயிரத்தொரு பங்கு, நொடி என்பது இன்றைய வழக்கில் வழங்கும் நொடி.)

இவ்வளவு விரைந்து வந்துபோகும் விசைக்குக் கட்டடம் எவ்வாறு ஈடுகொடுக்கின்றது என்பதை ஊஞ்சல்கொண்டு விளக்கலாம். ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் சென்று மீளுதற்கென ஓர் அலைவுக் காலம் உண்டு. அதனை மெல்லப் பற்றி நெடுநேரம் தள்ளிக்கொண்டே நின்றால், எவ்வளவு விசையால் தள்ளுகின்றோம் என்பதே அது எவ்வளவு விலகும் என்பதை முடிவு செய்யும். அவ்வாறன்றி உள்ளங்கையால் ஓர் அறை அறைந்து கையை எடுத்துவிட்டால், ஊஞ்சல் நகரத் தொடங்கும்போது கை ஆங்கு இராது. அப்போது முடிவு செய்வது விசையின் உச்சம் அன்று. விசையும் அது நின்ற காலமும் சேர்ந்த தொகை. இதனைக் கணத்தாக்கு என்று இயற்பியலார் வழங்குவர். கான்கிரீட்டுத் தளம் ஒன்றின் அலைவுக் காலம் ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிநொடி. நான்கு மாடிக் கட்டடம் முழுவதன் அலைவுக் காலம் நொடியில் ஐந்தில் இரண்டு பங்கை ஒட்டியது. அணிமை வெடிப்பு இவ்விரண்டினும் குறுகிய காலத்தது. ஆகவே கட்டடம் அறைபட்ட ஊஞ்சலின் நிலையினதே. அறை முடிந்த பின்னரே அது அசையத் தொடங்குகின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை போதரும். ஒரே கணத்தாக்குப் பட்டாலும் எடை மிக்க பொருள் மெல்ல நகரும்; எடை குறைந்தது பறக்கும். 100 கிலோபாஸ்கலில் தொடங்கி 10 மில்லிநொடியில் சீராகத் தணியும் அழுத்தம் ஒன்றைக் கற்பித்துக் கணக்கிடுக. 23 சென்டிமீட்டர்ச் செங்கற்சுவர் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 440 கிலோ எடையது. அது பெறும் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 1.1 மீட்டர், அதாவது ஒருவர் நடக்கும் விரைவு. 13 கிலோ எடையுள்ள ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக்கு அதே கணக்கு நொடிக்கு ஏறத்தாழ 40 மீட்டரைத் தரும். குரோம்பேட்டைத் தொழிற்கூடங்களின் கூரைகள் யாவை என்பதை நினைத்துப் பார்ப்பார்க்கு இதன் பொருள் விளங்கும்.

நடக்கும் விரைவில் நகரத் தொடங்கிய சுவரை யார் நிறுத்துவார்? சுவரே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். செங்கல்லும் சாந்தும் சில மில்லிமீட்டர் வளைந்தவுடன் பிளந்துவிடும். பிளந்த சுவர் நிற்பதில்லை. கம்பியிட்ட கான்கிரீட்டோ கம்பி இழுபட்டு நீள, பலமடங்கு வளைந்தும் அறுபடாது அவ்வியக்கத்தை உள்வாங்கிக்கொள்ளும். இப்பண்பைக் குறிக்க 'உறுதி' என்று எழுதுதல் பொருந்தாது; உறுதியான பொருள் நொறுங்குவதாகவும் இருக்கலாம், கண்ணாடியைப் போல. வளைந்தும் முறியாமை என்னும் இதனைத் 'துவட்சி' என்று யாம் வழங்க விழைகின்றோம். கொடி துவளும், ஒடியாது. 'கம்பியாகு தன்மை' என்று பாடநூல்களிற் காணும் தொடர் உலோகத்தை இழுத்துக் கம்பியாக்குதலைச் சுட்டுவது. கட்டடத்துக்கு அது பொருந்தவில்லை என்பது எம் கருத்து.

கட்டடத்தின் உறுப்புகளுள் வெடிப்பு எளிதில் ஏமாற்றுவது தளத்தையே. தளம் கீழ்நோக்கிய பொறைக்கென ஆக்கப்படுவது. நடுவிடத்தில் கம்பி அடிப்புறத்திலும், தாங்கிகளின் அருகே மேற்புறத்திலும் இடப்படுகின்றது. கீழறையில் வெடிப்பு நிகழுமாயின் அழுத்தம் தளத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றது. 12 சென்டிமீட்டர்த் தளத்தின் தன்னெடை சதுர மீட்டருக்கு 300 கிலோ. ஆகவே 3 கிலோபாஸ்கல் அழுத்தமே அதன் எடையை ஈடுசெய்துவிடும். அதற்கு மேற்பட்டதெல்லாம் தளத்தைத் தலைகீழாக வளைக்கின்றது. வளையுமிடத்து மேற்புறத்தில் கம்பியில்லை. தளம் மேலெழுந்து பிளந்து, பின் அப்பிளவோடு தன்னெடையாற் கீழே வீழ்கின்றது. எழுந்தது வெடியால், வீழ்ந்தது எடையால்.

பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் பகுதிகளின் பழைய மனைகளில் 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் கூரையை இன்றும் சிலவிடத்துக் காணலாம். தேக்குக் கட்டைகளை நெருங்க அடுக்கி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தாற் பிணித்து, செங்கல் ஜல்லிக் கலவையும் தட்டோடும் பரப்பி முடிப்பது அது. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்க் கனமும், சதுர மீட்டருக்கு 400 கிலோ அளவில் எடையும் கொண்டது. சென்னை வெயிலுக்கு அதனினும் நல்ல கூரை அரிது என்பதை அதன் கீழ் உறங்கினோர் அறிவர். ஆயின் அக்கூரையைக் கட்டைகளோடு பிணிப்பது எடை ஒன்றே. கீழிருந்து எழும் 4 கிலோபாஸ்கல் அதனைத் தளர்த்திவிடும். பின் கல் கல்லாகவே வீழும்.

கண்ணாடி பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. அது 1 கிலோபாஸ்கல் அளவிலேயே உடையத் தொடங்கும். ஆகவே கட்டடம் சிறிதும் அசையாத தொலைவிலும் மக்கள் புண்படுவர். 1917-இல் கனடாவின் ஹாலிபாக்சுத் துறைமுகத்தில் கப்பல் தீப்பற்றியதைச் சன்னல் வழியே பார்த்து நின்றோர் பலர், அது வெடித்தபோது கண்ணிழந்தனர். ஒளி முதலில் வரும். அலை பின்னர் வரும். ஒளியைக் கண்டு சன்னலை நோக்கி ஓடுவது மக்களியல்பு. ஓடுதற்குப் பதிலாகக் கீழே படுத்தல் வேண்டும்.

இனி இடிதல். ஒரு தூண் அறுந்தால் அதன்மேல் நின்ற தளங்கள் வீழும். வீழும் தளங்கள் கீழ்த்தளங்களை மோதி வீழ்த்தும். அவை அருகிலுள்ள தூண்களையும் இழுக்கும். இதனைத் தொடர்சரிவு என்பாம். 1968 மே 16-ஆம் நாள் இலண்டனில் ரோனன் பாயிண்ட்டு என்னும் 22 மாடிக் குடியிருப்பின் 18-ஆம் மாடியில், அம்மையார் ஒருவர் காலையில் அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவளி வெடித்தது. பெருவெடிப்பு அன்று அது. ஆயினும் முன்வார்ப்புப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திக் கட்டிய அக்கட்டடத்தில், வெளிச்சுவர்ப் பலகை பெயர்ந்தவுடன் மேலுள்ள நான்கு மாடிகளின் மூலை தாங்கலிழந்து வீழ்ந்தது. அவ்வீழ்ச்சி கீழ் மாடிகளின் மூலையையும் தரைவரை கொண்டுசென்றது. நால்வர் மாண்டனர். அடுப்பைப் பற்றவைத்த அம்மையாரோ பிழைத்தார். வெடிப்பின் நடுவே நின்றவர் பிழைக்க, அதனைக் காணாது உறங்கினோர் மாண்ட இந்நிகழ்ச்சியை, 'வெடித்து இடிந்தது' என்னும் தொடரால் விளக்க முடியுமா?

அளவாற் பெரிய சான்று அமெரிக்காவின் ஓக்லகோமா நகரத்தது. 1995 ஏப்ரல் 19-இல் ஒன்பது மாடி அரசு அலுவலகத்தின் முன் நின்ற வண்டியில் இருந்த குண்டு வெடித்தது. கட்டடத்தின் முகப்பில், மேல்மாடித் தூண்கள் பலவற்றை மூன்றாம் தளத்து உத்தரம் ஒன்று தாங்கி, அப்பொறையைக் கீழிருந்த சில தூண்களுக்கே இறக்கியிருந்தது. அத்தூண்களுள் மூன்று அழியவே முகப்பு முழுவதும் சரிந்தது. ஆய்ந்தோர் கணக்கின்படி, வெடிப்பு நேரே அழித்த தளப்பரப்பு மொத்தத்தில் 4 விழுக்காடு. சரிந்து வீழ்ந்த மொத்தப் பரப்போ 42 விழுக்காடு. சரிந்த பகுதியில் இருந்த 175 பேருள் 153 பேர் மாண்டனர்; சரியாத பகுதியில் இருந்த 186 பேருள் மாண்டோர் பதின்மரே. ஒரே குண்டு, ஒரே கட்டடம், ஒரே நொடி. நூற்றுக்கு 87 பேரும் நூற்றுக்கு ஐவரும் என்னும் வேறுபாட்டை உண்டாக்கியது தளம் நின்றதும் வீழ்ந்ததுமே.

மனித உடலின் இயல்பும் இதற்குத் துணைநிற்கின்றது. செவிப்பறை கிழியத் தொடங்குவது ஏறத்தாழ 35 கிலோபாஸ்கலில். நுரையீரல் புண்படத் தொடங்குவது 100 கிலோபாஸ்கல் அளவில். கம்பியிடாத செங்கற்சுவர் ஏறத்தாழ 50 கிலோபாஸ்கலில் தகர்ந்துவிடும். அழுத்தத்தைத் தாங்குவதில் மனிதன் தன் வீட்டினும் வலியன். வீட்டைத் தாங்குவதிலேயே எளியன்.

வெடி வேறு, இடிவு வேறு என்பதற்குத் தென்சென்னைப் புறநகரிலேயே தெளிவான சான்று உண்டு. போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் அருகருகே எழுந்த இரு 11 மாடிக் கட்டடங்களுள் ஒன்று, 2014 ஜூன் 28-ஆம் நாள் மாலை மழைக்கிடையே தானே சரிந்தது. வெடிமருந்து ஒரு துளியும் இல்லை. 61 பேர் மாண்டனர். எஞ்சிய மற்றொன்றை 2016 நவம்பர் 2-ஆம் நாள் அரசு வெடிவைத்துத் தகர்த்தது. ஆங்கு மருந்து செய்தது தூண்களை அறுத்தல் ஒன்றே. சில நொடிகளில் அதனை மண்மேடாக்கியது கட்டடத்தின் எடை. அருகில் வாழ்ந்தோர் முன்னரே அகற்றப்பட்டிருந்தமையால் உயிரிழப்பு நேரவில்லை. முன்னதில் வெடியின்றி இடிவு. பின்னதில் சிறு வெடியாற் பேரிடிவு. இரண்டிலும் எடை ஒன்றே.

ஆகவே காப்பு என்பது வெடியைத் தாங்கும் கோட்டை கட்டுதல் அன்று. ஒரு தூண் போயினும் எஞ்சியவை சரியாது நிற்கும்படி பிணித்தலே. ரோனன் பாயிண்ட்டுக்குப் பின் பிரித்தானியர், இன்றியமையாத உறுப்புகள் 34 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், அல்லது அவ்வுறுப்பு அகற்றப்படினும் கட்டடம் நிற்க வேண்டும் என்று விதித்தனர். அதே 1968-ஆம் ஆண்டில் இந்தியாவிலும், தரைமேல் நிகழும் வெடிப்புகளைத் தாங்கும் கட்டமைப்புகளுக்கான ஐஎஸ் 4991 என்னும் தரநிலை வெளிவந்தது. தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இத்துறையிலும் ஆய்வு செய்கின்றது. எனினும் எளிய மாடி வீட்டைக் கட்டுவார் அத்தரநிலையைத் தேடிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தலும் முறையன்று.

அவர்க்குப் பயன்படுவது வேறு வழியாக வந்து சேர்ந்துள்ளது. 2002-இல் வெளியான நிலநடுக்கத் தரநிலை சென்னையை இரண்டாம் மண்டலத்தினின்றும் மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தியது. அதனாற் கம்பி கட்டுவதில் துவட்சிக்குரிய விதிகள் இந்நகர்க்கும் உரியவாயின. கம்பி கட்டுவோர் 'ரிங்' என்று வழங்கும் வளையங்களைத் தூணின் மேல்கீழ் முனைகளில் நெருக்கி இடுதலும், அவ்வளையத்தின் கொக்கியைச் செங்கோணத்தில் நிறுத்தாது 135 பாகை வரை உள்மடித்தலும் அவற்றுட் சில. மேலோடு உதிர்ந்தபின்பும் உள்ளிருக்கும் கான்கிரீட்டை அவ்வளையம் பற்றிக்கொண்டிருக்கும்; தூண் குறுகினும் வீழாது. நிலநடுக்கத்துக்கென விதித்தது வெடிப்புக்கும் உதவுகின்றது. கொக்கியை மடிக்க ஆகும் கூடுதற் செலவு மிகச் சிறிது. தாம்பரத்தைச் சுற்றி எழும் கட்டடங்களில் யாம் நின்று பார்த்த சிலவற்றில் அக்கொக்கி செங்கோணத்திலேயே நின்றது என்பதையும் ஈண்டுக் குறிக்கின்றோம்.

இனி மூதாட்டியாரின் சுவருக்கு வருவாம். பல்லாவரம், பம்மல், திரிசூலம் பகுதி மலைகள் சார்னோக்கைட்டு என்னும் கடும்பாறையால் ஆயவை. சென்னையின் கான்கிரீட்டுக்கு ஜல்லி ஈந்தவை இம்மலைகளே. கல்லெடுத்த பள்ளங்கள் பல இன்று நீர்க்குட்டைகளாய் நிற்கின்றன; சிக்கராயபுரத்துப் பள்ளங்களின் நீரை 2017 வறட்சியில் நகருக்குக் குடிநீராகக் கொணர்ந்தனர். இம்மலைகளிடையே சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயிலும், பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரையும் உள்ளன.

பாறைக்குள் துளையிட்டு வைக்கும் வெடி, காற்றில் அனுப்பும் அலை மிகச் சிறிது. சன்னலைக் கடகடவென ஆட்டும் 20 பாஸ்கல் அழுத்தம், கண்ணாடியை உடைக்கத் தேவையானதில் ஐம்பதில் ஒரு பங்கேயாகும். ஆகவே ஓசையை அளவாகக் கொள்ளுதல் பிழை. சுவருக்குத் தீங்கு செய்வது நிலத்தின் வழியே வரும் அதிர்வு. நிலத்துணுக்கு எவ்வளவு விரைவாக அசைகின்றது என்பதை நொடிக்கு மில்லிமீட்டரில் அளப்பர். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997-இல் விதித்த எல்லைப்படி, பிறர்க்குரிய குடியிருப்பு வீடுகளுக்கு நொடிக்கு 8 அலைவுக்குக் குறைந்த அதிர்வாயின் 5 மில்லிமீட்டர். 8 முதல் 25 வரை 10. அதற்கு மேல் 15. வரலாற்றுச் சிறப்புடையனவற்றுக்கு முறையே 2, 5, 10 மட்டுமே. மெல்ல அசையும் அதிர்வுக்கு எல்லையைக் குறைத்தமைக்குக் காரணம் முன்னர்க் கூறிய ஊஞ்சலே: வீட்டின் இயல்பு அலைவை ஒத்துவரும் அதிர்வு அதனை மேன்மேலும் ஆட்டும். மனிதன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அதிர்வையே உணர்ந்துவிடுவான். ஆகவே உணர்ந்தது யாவும் தீங்கு என்று கொள்ளுதலும் பொருந்தாது, உணர்ந்தோர் பொய் கூறினர் என்று கொள்ளுதலும் பொருந்தாது. இவ்வழக்குகளில் கருவி வைத்து அளவாது இருபுறத்தாரும் உரைப்பன எவையும் சான்று ஆகா. பறந்து வீழும் கற்கள் வேறு. அவற்றின் தீங்குக்கு அளவுகருவி வேண்டுவதில்லை.

அம்மூதாட்டியார் காட்டிய வெடிப்புகள் இரண்டு. ஒன்று கூரைத்தளத்தின் அடியில் சுவரோடு கிடைமட்டமாக ஓடியது. வெயிலில் தளம் விரிந்து சுவரை இழுப்பதால் தோன்றுவது அத்தகையது. மலையே இல்லாத ஊர்களிலும் மாடி வீடுகளில் அதனைக் காணலாம். மற்றொன்று சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீழிறங்கியது. அது நிலம் தாழ்ந்ததாலும் ஆகலாம், அதிர்வாலும் ஆகலாம், இரண்டும் கூடியும் ஆகலாம். பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லைச் சாந்தால் ஒட்டி, நாளை எழுதி வைத்துவிட வேண்டும். மலையில் வெடிவைத்த நாளில் அது முறியுமாயின் ஒரு விடை. கோடையில் மெல்ல முறியுமாயின் வேறு விடை. அவர் எழுதுவித்த விண்ணப்பத்தின் படியை எமக்குக் காட்டினார். 'வெடிப்பினால் வெடிப்பு ஏற்பட்டுள்ளது' என்பது அதன் முதல் வரி. எந்த நாளில், எந்தச் சுவரில், எத்திசையில் என்பன அதில் இல்லை. அடுத்த முறை சென்றபோது அச்சுவர்க்குப் புதிதாகப் பூச்சிட்டு வெள்ளையடித்திருந்தனர்.